நேர்ந்துவிட்ட முடி

ஜூன் 9, திங்கள்

இன்றும் ஒரு பந்து. மாடியில் காயப்போட்டிருந்த கூழ்வடகத்துக்கு நடுவில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஆனியே பிறக்கவில்லை, அதற்குள் ஆடிக்காற்று மாதிரி அடிக்கிறது.

மில் மைதானத்துப் பெண்கள் மூன்று பேர் சுவரோரம் வந்து நின்று, "அக்கா... பந்து" என்றார்கள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகிற என்னை அக்கா என்கிறார்கள். அதற்காகவே எடுத்துப் போட்டிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நம்ம காம்பவுண்டுல விழுந்த பந்து நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான். இன்னைக்குக் கிடையாது."

இது அவர் போட்ட சட்டம். திண்டுக்கல்லில் வேறு எந்தச் சட்டத்தை மீறினாலும் மீறலாம், இதை முடியாது. பந்தை வீட்டில் வைத்தால் நான் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவேனாம். அதனால் டிபன் பையில் போட்டுத் தோல் ஃபேக்டரிக்கே கொண்டு போய்விடுகிறார். சூப்பர்வைசர் முத்துக்கிருஷ்ணனின் டிபன் பையில் தயிர்சாதமும் கைதிப் பந்தும்.

ஜூன் 10, செவ்வாய்

பந்து அஞ்சு மணிக்குத் திரும்பிவிட்டது. என் வடகம்தான் போனது போனதுதான்.

ஜூன் 14, சனி

அங்கன்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து, இங்கே மாடியில் ஏறி இந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். என் பொழப்பே பிள்ளை பார்ப்பதுதான் போலிருக்கிறது.

மூடிக்கிடக்கிற மில்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டல்தான் மில் மைதானம். பி.டி. வாத்தியார் இனிகோ போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பதினைந்து பெண்களைக் கூட்டி வந்து பேஸ்பால் என்றார். கிரிக்கெட்டைத் தப்பாக ஆடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தம் போடக்கூடாது என்று சொல்லத்தான் மாடி ஏறினேன். சொல்லிவிட்டு இறங்கியிருக்க வேண்டும். செத்த நேரம் நின்றேன், அதுதான் வினை.

ஆட்டம் இதுதான்: பந்தை அடித்துவிட்டு மூன்று மூலையையும் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். வந்தால் ஒரு ரன். மற்றவர்கள் வரவிடாமல் செய்ய வேண்டும். சாயங்காலம் காய்கறி வாங்கப் போய்விட்டு நான் வீடு வந்து சேருவதும் இதே ஆட்டம்தான்.

பந்து எறிகிறவள் செல்லக்கிளி. ஒல்லிக்குச்சி, எறியும்போது மட்டும் எங்கிருந்தோ வரும் வேகம். அவளுக்கு எதிரே முகமூடி மாட்டிக் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிறவள் ஏஞ்சலின், அவள்தான் கேப்டன். வாய் ஓயாது. "கிளி, தூங்கிட்டியாடி?" என்று அவள் கேட்டால் எனக்கே தூக்கம் கலையும்.

இந்த அணி இதுவரை ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. நான் ரசிகையாக இருக்கிற அணி வேறு எப்படி இருக்கும்!

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுக்காரரின் தலைக்குத் திருவிழா. கரிசலாங்கண்ணித் தைலம், அரை மணி நேரம் வெயில், அப்புறம் சீயக்காய். அவர் வயதில் அவர் செட்டில் எல்லோருக்கும் நெற்றி பின்னந்தலை வரை போய்விட்டது. இவருக்கு மட்டும் மயில்தோகை. ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்று பைக்கை விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் போகிற மனுஷன். தலையில் ஒரு துண்டு கூடப் போட மாட்டார்.

சாயங்காலக் குளியலுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவும் சரியாகப் பெண்கள் பயிற்சி செய்கிற நேரத்தில். "உள்ள என்னங்க பண்றீங்க?" என்றால், "முடி அலச வேணாமா?" என்கிறார்.

"இந்தப் புள்ளைங்க ஆட்டத்தைப் பாத்து என்ன ஆகப்போகுது கனகா? பந்தும் நிக்க மாட்டேங்குது, அதுகளும் நிக்க மாட்டேங்குது" என்றார் சாப்பிடும்போது. நான் அவர் இலையில் இரண்டாம் தடவை ரசம் ஊற்றவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

ஜெயித்துவிட்டார்கள்! மாவட்டப் போட்டி முதல் சுற்று. எதிரணி வந்த வேன் பஞ்சராகி நேரத்துக்கு வராததால் ஜெயித்தார்கள். இருந்தாலும் வெற்றி வெற்றிதான். கேசரி கிண்டினேன்.

ஜூலை 6, ஞாயிறு

துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் சிவப்பு நூல் கண்டு, மெழுகு தடவினது. ஃபேக்டரி நூல் என்றார். நான் கேட்டதற்கு அம்புட்டுச் சுருக்காகப் பதில் சொல்கிற ஆள் இல்லையே இவர்.

ஜூலை 13, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. அரையிறுதி நம்ம மில் மைதானத்திலேயே நடந்தது, இந்தத் தடவை எதிரணி வேன் ஒழுங்காக வந்தது. வந்தும் ஜெயித்தோம்! "ஜெயித்தோம்" என்று எழுதுகிறேன் பார், நான் என்னமோ ஓடின மாதிரி.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் டீச்சரும் என்னோடு மாடிக்கு வந்தார். ரிட்டையர் ஆகியும் அந்தப் பெரிய கொண்டையும் அதில் நிலக்கோட்டை மல்லியும் மாறவில்லை. ஆட்டம் ஒன்றும் புரியாமலே முழு நேரமும் கைதட்டினார்.

ஃபைனல் 27ஆம் தேதி, பழனியில், பழனி அணியோடு. மூன்று வருஷமாக அவர்கள்தான் கோப்பை வாங்குகிறார்களாம்.

"வாங்களேன், போவோம்" என்றேன் இவரிடம். "அன்னைக்கு ஃபேக்டரியில சரக்கு ஏத்துறாங்க. நீ போயிட்டு வா." ஞாயிற்றுக்கிழமை என்ன சரக்கோ. போகட்டும்.

ஜூலை 26, சனி

ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. செல்லக்கிளிக்குத் தோள்பட்டை வலி என்று ஏஞ்சலின் சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு ஏன் தோள் வலிக்கிறது?

ஜூலை 27, ஞாயிறு

நான் என்ன காரியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. வரிசையாக எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும்.

அணி போகிற வேனிலேயே எனக்கும் டீச்சருக்கும் இடம் கொடுத்தார் இனிகோ. பழனி மைதானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரிந்தது. மலையைப் பார்த்ததும் கை தானாகக் கும்பிட்டுக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முறுக்கை நீட்டி, "ஏனுங்க, நீங்க எந்த டீமுங்க?" என்று கேட்டார். திண்டுக்கல் என்றதும், "பாவமுங்க" என்று இன்னொரு முறுக்கையும் கொடுத்தார். வாங்கித் தின்றேன். மானம் வேறு, முறுக்கு வேறு.

முதலில் பழனி மூன்று ரன். அப்புறம் நாங்கள் இரண்டு. அப்புறம் அவர்கள் ஒன்று. ஆறாவது சுற்றில் ஏஞ்சலின் ஒரு அடி அடித்தாள் பார், பந்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம். ஏற்கெனவே மூலைகளில் நின்ற இரண்டு பேரும், பின்னாலேயே அவளும் வந்து சேர்ந்தார்கள். ஐந்துக்கு நாலு. டீக்கடைப் பக்கம் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டை முண்டாசாகக் கட்டின ஒரு ஆள் தீப்பிடித்த வீட்டைப் பார்த்தவர் மாதிரி கத்தினார். திண்டுக்கல்லுக்கு என்னை விட்டால் இன்னொரு பைத்தியமும் இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது.

கடைசிச் சுற்று. பழனியில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் கோப்பை எங்களுக்கு. ஆனால் இரண்டு பேர் மூலைகளில் நிற்கிறார்கள், ஓடி வந்தால் கோப்பை போய்விடும். அடிக்க வந்தவள் நெட்டையாக, தோள் அகலமாக, சுத்துகிற மட்டை கண்ணுக்கே தெரியவில்லை. செல்லக்கிளி தோளைத் தோளைத் தேய்க்கிறாள். ஏஞ்சலின் கூட வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை.

மலையைப் பார்த்தேன். 'முருகா, இந்த ஒரு பந்து. இந்த ஒரே ஒரு பந்து. முழு முடியும் குடுக்கிறேன்' என்று வேண்டினேன். யார் முடி? என் முடி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல் ஒரு நிமிஷம் கண்ணில் தெரிந்தது. வாய் திரும்பிவிட்டது.

'எங்க வீட்டுக்காரர் முடி, முருகா. முழுசும்.'

பந்து உயரப் போனது. உயர உயரப் போய் எங்களுக்குப் பின்னால் வெளியே விழப்போன பந்தை, மலைப் பக்கத்திலிருந்து வந்த காற்று அப்படியே திருப்பி உள்ளே தள்ளியது. ஏஞ்சலின் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் ஓடி ஓடி, விழுந்து, புரண்டு, கையுறையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே பந்து.

நான் அழுதேன். டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதேன். முறுக்கு அம்மா என் முதுகைத் தடவி, "நல்லா ஆடுச்சுங்க உங்க புள்ளைங்க" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

வேனில் வரும்போதுதான் வேண்டுதலை டீச்சரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் கனகா, பழனி முருகன்கிட்டயே போயி, அவரு ஊரு புள்ளைங்களத் தோக்கடிக்கணும்னு வேண்டினியா?"

அய்யய்யோ. அது எனக்குத் தோன்றவே இல்லை. சொந்த ஊரை விட்டுக்கொடுத்து எனக்காக ஊதியிருக்கிறார். இனி இந்தக் கடனை எப்படி ஏய்க்கிறது?

வீட்டுக்கு வந்தால் இவர் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறார். "என்ன, ஜெயிச்சாச்சா?" என்றார். தொண்டை கட்டியிருந்தது. சரக்கு ஏற்றின இடத்தில் தூசியாம்.

ஜூலை 28, திங்கள்

டீச்சர் காலையிலேயே சுவர் வழியாக எட்டிப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

இல்லை.

"நாங்களும் வேளாங்கண்ணியில மொட்டை போடுவோம். ஆனா யாரு மொட்டைன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லிட்டுத்தான் போடுவோம்" என்று சிரிக்கிறார்.

ஜூலை 29, செவ்வாய்

கோப்பையோடு பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். எனக்குத்தான் காட்ட வந்திருக்கிறார்கள் என்று பெருமையாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். செல்லக்கிளி என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, "சார் இல்லியாக்கா?" என்றாள்.

எந்தச் சார்?

"பந்து தைக்கிற சார்."

இவர் ஃபேக்டரியிலிருந்து இன்னும் வரவில்லை. ஏஞ்சலின்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். புதுப் பந்து வாங்க வழியில்லாமல் தையல் பிரிந்த பந்தை வைத்தே ஆடிக்கொண்டிருந்தார்களாம். ஒரு நாள் அதில் ஒன்று எங்கள் மாடியில் விழுந்து, மறுநாள் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது தோல் இழுத்துப் பிடித்து, சிவப்பு நூலில் புதுசு மாதிரி தைத்திருந்ததாம். அடுத்ததும் அப்படியே. "அதுக்கப்புறம் பந்து பிரிஞ்சா வேணும்னேதான்க்கா உங்க வீட்டுக்கு அடிப்போம்."

என் வடகம்! காற்று காற்று என்று வாயுபகவானைத் திட்டிக்கொண்டிருந்தேனே!

"உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சார் சொன்னாரு. ஃபைனலுக்குக் கூட அந்தப் பந்துலதான் பிராக்டிஸ் பண்ணோம்" என்றாள் செல்லக்கிளி. அவர் பங்கு என்று ஒரு பொட்டலம் ஜிலேபியை என் கையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜிலேபியை நானே தின்றுவிட்டேன்.

ஜூலை 31, வியாழன்

சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது பின்பக்கமாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். பாத்ரூம் ஜன்னலில், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, மைதானத்தைப் பார்க்கிறது அந்த மயில்தோகை. தண்ணீர் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறது. "குனிஞ்சு எடுறீ... ஆங், அப்படி" என்று உள்ளேயே பயிற்சி நடக்கிறது.

சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் அந்த முடியைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அதை நான் கொடுத்துவிட்டேனே.

ஆகஸ்ட் 2, சனி

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு மீன் குழம்பு வைத்து, வெஞ்சனம் இரண்டு செய்து, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது முதலில் பந்து விஷயத்தை எடுத்தேன். மனுஷன் முகம் வெளிறிப்போனது. "புள்ளைங்க சொல்லிருச்சா" என்றார். ஊரில் ஆட்டக்காரிகளைத் திட்டிக்கொண்டே திரிந்துவிட்டு, இப்போது பிடித்திருக்கிறது என்று சொன்னால் நான் சிரிப்பேனாம். சிரிக்காமல்?

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு என் விஷயத்தையும் சொன்னேன். கடைசிப் பந்து. முருகன். உங்க முடி. முழுசும்.

கண்ணைத் திறந்தால் கையில் பிசைந்த சோற்றோடு என்னையே பார்க்கிறார். என் முகத்தை இல்லை, என் பின்னலை.

"நானும் அங்கதான் இருந்தேன் கனகா. டீக்கடைப் பக்கம்."

முண்டாசு! தலையில் துண்டு போடாத மனுஷன், நான் கண்டுபிடிக்கக் கூடாது என்று கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். தொண்டை கட்டினது தூசியில் இல்லை.

"அதே பந்துக்கு நானும் வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"முழு முடின்னு."

நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். "அப்ப சரியாப் போச்சு. நீங்களே வேண்டியிருக்கீங்க..."

"உன் முடி" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பேசவில்லை.

என் முடி. என்னைக் கேக்காம எப்படி நேந்துக்கலாம்? என்ன தைரியம்? பதினாறு வயசுலருந்து வளத்த முடி, இவரு என்னமோ கடையில வாங்கி வச்ச மாதிரி தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டாரு. ஏன், உங்க முடிக்கு என்ன? கேட்டால், "என் முடி எனக்கு வேணும்ல" என்கிறார். வெட்கமே இல்லாமல்!

நான் மட்டும் அவரைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. அது வேறு.

வேறு இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும் இன்றைக்குப் பேச மாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டீச்சர் சமாதானத்துக்கு வந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "பூமுடி குடுங்கப்பா. ஆளுக்கு ரெண்டு கத்தரி. முருகன் கோவிச்சுக்கவா போறாரு?"

நான் கொஞ்சம் சபலப்பட்டேன். ஆனால் இவர் தலையை ஆட்டினார்.

"டீச்சர், ஏஞ்சலின் அந்தப் பந்தைப் பாதி புடிச்சிருந்தா அவுட் குடுத்திருப்பாங்களா?"

எனக்கும் இவர் சொல்வதுதான் நியாயமாகப் பட்டது. கோபம் மட்டும் போகவில்லை.

டீச்சர் போனதும் இவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "கனகா, வேண்டுதல்னா பெருசாக் குடுக்கணும். இந்த வீட்டுல பெருசா என்ன இருக்குன்னு யோசிச்சேன். உன் பின்னல்தான் ஞாபகம் வந்துச்சு. என்னோடது டை அடிச்சது, முருகனுக்குத் தெரியாதா?"

டை! இத்தனை வருஷமாகக் கரிசலாங்கண்ணி என்று என்னிடம் சொன்ன ஆள்.

நான் எதற்கு அவர் முடியைச் சொன்னேன்? என் முடியைக் காப்பாற்றத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பாதி அதுதான். மீதிப் பாதி, எனக்கும் அந்தத் தலைதான் பெருசாகத் தோன்றியிருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. ரொம்பத் துள்ளுவார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பழனி. முடி இறக்கிய அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஜோடியாவா? என்ன வேண்டுதலுங்க?" என்றார்.

"பேஸ்பாலுங்க" என்றார் இவர்.

"அது என்ன வியாதிங்க?"

"பந்தடிக்கிறதுங்க. பொம்பளப் புள்ளைங்க ஆடுறது."

அவர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, "உங்க மகளா?" என்றார். இல்லை என்றோம். தங்கச்சி மகளா? இல்லை. சொந்தமா? இல்லை. அவர் ஜாக்கிரதையாகக் கத்தியை எடுத்தார்.

முதல் பிடி மடியில் விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்க மாட்டேன். பக்கத்தில் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தார். பிள்ளை பெறும்போது கூடப் பிடிக்காத கை. சந்தனம் பூசி எழுந்து நின்றதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவருக்கு மண்டை கூர்மையாக இருக்கிறது! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தெரிகிறது. எனக்குத்தான் உருண்டை, அழகு என்றார். பொய்யாக இருந்தாலும் நன்றாக இருந்தது.

ஓசூரிலிருந்து மகன் சந்தோஷ்குமார் வீடியோ காலில் வந்தான். எங்களைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு வாரம் போன் பண்ணலைன்னா இப்படியா?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அங்கன்வாடியில் ஒரு குட்டி என் தலையைத் தடவிப் பார்த்து, "டீச்சர், உங்களுக்கும் பேன் வந்துருச்சா?" என்று ஆறுதலாகக் கேட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இவர் இப்போது பாத்ரூமில் ஒளிந்து நிற்பதில்லை. மாடியில் நாற்காலி போட்டு, மடியில் பந்தும் சிவப்பு நூலும் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கவே தைக்கிறார். குளியல் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. வெயிலுக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தொப்பி வாங்கியிருக்கிறார். அப்படியே புதுசாக ஒரு பைக், ஹெல்மெட் பற்றியும் பேச்சு அடிபடுகிறது.

சாயங்காலம் ஒரு பந்து வந்து விழுந்தது. பெண்கள் சுவரோரம் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். எங்கள் மொட்டைத் தலைகளை அவர்கள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. 'அக்கா... பந்து' என்று வழக்கமாக வருகிற சத்தம் 'அக்கா'வோடு நின்றுவிட்டது. இவர் விஷயத்தைச் சொன்னார். ஏஞ்சலின் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்லக்கிளி அழுதேவிட்டாள். "எங்களுக்காகவாக்கா?"

"பின்ன, உங்க சார் அழகுக்கா?" என்றேன்.

அடுத்த மாதம் மாநிலப் போட்டி. முதல் ஆட்டமே சென்னை அணியோடு. அவர்களைப் பழனி அணி கூட இதுவரை அசைத்ததில்லையாம். ஏஞ்சலின் தயங்கித் தயங்கி, "அக்கா, அதுக்கும் வேண்டிக்கோங்க" என்றாள்.

நான் இவர் தலையைப் பார்த்தேன். இவர் என் தலையைப் பார்த்தார். "இனிமே எங்ககிட்டக் குடுக்க ஒன்னும் இல்லம்மா" என்றார் இவர்.

அப்போதுதான் பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த வியாகுலம்மாள் டீச்சர், புதுசாக மல்லி வைத்த அந்தப் பெரிய கொண்டையோடு, "என்ன அங்க கூட்டம்?" என்று எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தோம்.

டீச்சர் இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டு, துணியைக் கூட எடுக்காமல், கீழே இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்.